மிக்ஸ்சர் ஐயாவும் திரை இல்லாத கம்பியூட்டரும்

கம்பியூட்டருக்கு ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில்தான் இருந்தார் என்று எந்தச் சபையிலும் நான் அடித்துச் சொல்வேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆபீஸ் பைல்களில் அதைப் பார்த்திருக்கிறேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. எல்லாருக்கும் அவர் மிக்ஸ்சர் ஐயா. கடலையும் காராபூந்தியும் கலந்த மிக்ஸ்சர் அல்ல. லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவர்தான். அங்கே ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மிக்ஸ்சர் மருந்து இருக்கும். காய்ச்சல் என்று போனாலும் அதுதான், கால் சுளுக்கு என்று போனாலும் அதுதான். போத்தலை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். "மூண்டு நேரம். குலுக்கிக் குடிக்கோணும்," என்பார். எப்படி என்று தெரியாது, குணமாகிவிடும். நான் ஒருமுறை காதுவலிக்குக் குடித்தேன். வலி போய்விட்டது. காதில் ஊற்ற வேண்டியதைக் குடித்துவிட்டேனோ என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் மலைக்கு வந்து இருபது வருடமாகியும் பேச்சில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நான் அதே தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராக இருந்தவன். கல்யாணமாகாத இரண்டு பேர் என்பதால் மாலை நேரங்களில் நான் டிஸ்பென்சரிப் பக்கம் போவது வழக்கம். எங்கள் இருவரையும் ஒன்றாகக் குழப்பியது அந்தக் கம்பியூட்டர்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஏதோ ஒரு உதவி நிறுவனத்தின் பேரில் ஒரு வெள்ளைக்கார இளம் டாக்டர் வந்து மூன்று மாதம் தங்கினார். பிள்ளைகளின் நிறையைப் பதிவதற்காக ஒரு கம்பியூட்டரைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு வரும். கோடு ஏறினால் பிள்ளை தேறுகிறது, இறங்கினால் பால்மா கொடுக்க வேண்டும். அருமையான யோசனை. உள்ளே போட்டிருந்தது லினக்ஸ். "இலவசம், யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்," என்று அவர் பெருமையாகச் சொன்னார். அந்தக் கோடுகளைப் பார்ப்பதற்குப் படத்திரை ஒன்றை ஏற்படுத்த வேண்டும், இரண்டு மணி நேர வேலை, நாளைக்குச் செய்துவிடுகிறேன் என்றார். மறுநாள் ஊருக்கு வரச்சொல்லி அவருக்குத் தந்தி வந்துவிட்டது. கையால் எழுதிய ஒற்றைத் தாளையும், அச்சிட்ட ஒரு தடித்த வழிகாட்டிப் புத்தகத்தையும் மிக்ஸ்சர் ஐயாவிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

தாளின் முதல் வரியில் 'ஸ்டார்ட் எக்ஸ் என்று அடிக்கவும்' என்று இருந்தது. ஐயா ஒற்றை விரலால் அடித்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழைபோல ஓடின. கடைசியில் ஒரு வரி நின்றது.

"என்னங்க ஐயா சொல்லுது?" என்றேன்.

"திரை ஒண்டும் காணேல்லையாம்."

நான் திரையைப் பார்த்தேன். பெரிய ஆட்டுக்கல் அளவில் மேசையில் இருந்தது.

"இந்தா இருக்குங்களே."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. திரை இல்லையெண்டால், திரை இல்லையெண்ட கதையை உது எங்கை எழுதுது?"

அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார், இது பிதற்றல் என்று. வார்டில் நான்கு கட்டில்கள் இருந்தன. நான்காவது கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு, கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையைக் கழற்றிக் கம்பியூட்டருக்கு மாட்டினார். பெயர்: கொம்பியூட்டர். வயது: தெரியாது. முறைப்பாடு: இருப்பதை இல்லை என்று சொல்லல். காய்ச்சல்: லேசாக உண்டு. இவ்வளவும் அவர் கையெழுத்தில் இருந்தது. மூன்றாம் கட்டிலில் இருந்த கிழவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, அதுக்கு ஒட்டுற நோயா இருந்தா என்னைய வீட்டுக்கு அனுப்பிருங்க," என்றார். அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வைத்தியம் தொடங்கியது. தடித்த புத்தகத்தைப் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் ஐயா படிப்பார். கம்பியூட்டர் கேள்வி கேட்கும். சுட்டெலி என்ன வகை? எத்தனை பொத்தான்? படம் போடும் அட்டை யார் செய்தது? எல்லாவற்றுக்கும் பட்டியல் தரும். பட்டியலில் உள்ள ஒன்றும் எங்களிடம் இருப்பதுபோலத் தெரியாது. இதில் பெரிய கேள்வி, இந்தத் திரை ஒரு நொடிக்கு எத்தனை தடவை துடிக்கும் என்பது. பிழையான எண்ணைக் கொடுத்தால் திரை பழுதாகிவிடும் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை வேறு இருந்தது.

"துடிப்பெண்டால் எனக்குத் தெரியாததே?" என்று ஸ்டெதஸ்கோப்பை எடுத்துத் திரையின் முதுகில் வைத்தார். கண்ணை மூடிக் கைக்கடிகாரத்தைப் பார்க்க முயன்றார். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஈ இரையிற மாதிரிக் கேக்குது. எண்ண ஏலாமல் கிடக்கு."

பெரிய உடம்பு என்பதால் பெரிய எண்ணாகக் கொடுத்துப் பார்த்தார். திரை கிரீச்சென்று கத்தியது. கோடுகள் சாய்ந்து சாய்ந்து ஓடின. ஐயா வயரைப் பிடுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயரைப் பிடுங்கியதற்குத் தண்டனையாக அடுத்த நாள் இன்னொரு வசனம் வந்தது: கர்னல் பேனிக். கர்னல் என்றால் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பயந்துவிட்டார் என்று மட்டும் விளங்கியது.

இப்படி வந்த ஒவ்வொரு வசனத்தையும், அதற்குக் கொடுக்க வேண்டிய ஒவ்வொரு கட்டளையையும் ஐயா ஒரு கொப்பியில் எழுதினார். மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கை. எதை எழுதினாலும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றும் சேர்த்து எழுதிவிடும்.

கடைசியில் பதுளையில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தும் ஒருவரிடம் அந்தத் திரையின் விவரப் புத்தகம் இருப்பதாகத் தெரியவந்தது. ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம். கொப்பி ஐயாவின் பையில் இருந்தது.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். எனக்கு அது பழக்கம். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஐயாவின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். யுத்தம் நடந்த அந்த நாட்களில் அந்த ஒரு வரிக்கே ஒதுக்கி நிறுத்துவார்கள். பையைத் திறந்தார்கள். கொப்பி வெளியே வந்தது.

அங்கிருந்த சார்ஜன்ட் தோட்டத்துப் பக்கம் வளர்ந்த சிங்களவர். எங்கள் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசினார். இங்கிலீசும் வாசிப்பார். வாசித்ததுதான் வினையாகிவிட்டது.

"கில்," என்று வாசித்தார். பக்கத்தைப் புரட்டினார். "கில் ஆல்." இன்னொரு பக்கம். "கில், ஒம்பது. ஒரு நாளைக்கு மூணு தடவை. தேவைப்பட்டா மட்டும்."

கொப்பியை மூடி ஐயாவைப் பார்த்தார். "யாரு இந்த ஒம்பது பேர்?"

"ஒன்பது பேர் இல்லை. அது ஒன்பதாம் நம்பர் சிக்னல்," என்றார் ஐயா.

"சிக்னலா? யாருக்கு?"

"டீமனுக்கு."

சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார். "டீமன்னா என்னா?"

"பேயிங்க," என்றேன். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

ஐயா பொறுமையாக விளக்கினார். அவர் எதையும் பொறுமையாகத்தான் விளக்குவார். "வேலை முடிஞ்ச பிறகும் போகாமல் உள்ளுக்கை கொஞ்சப்பேர் நிப்பினம். முதல்ல மரியாதையாச் சொல்லிப் பாக்கிறது. கேக்காட்டில் கொல்லுறது. அவ்வளவுதான் விஷயம்."

யாழ்ப்பாணத் தமிழ் சார்ஜன்டுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "என்னா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டார். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை. "கம்பியூட்டர் வேலைங்க," என்று மட்டும் சொன்னேன்.

"கர்னல் யாரு? எழுத்துக்கூட்டல் பிழையா எழுதியிருக்கு, ஆனா கர்னல்தானே?"

"அவர் எல்லாத்துக்கும் உள்ளுக்கை இருக்கிறவர். அவர்தான் எல்லாத்தையும் நடத்துறது. வெளியில தெரியமாட்டார்," என்றார் ஐயா.

பொலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக ஜீப் வந்தது. இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது ஒருவரை உள்ளே கொண்டுபோனால் எப்போது வெளியே வருவார் என்று அவர் வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. சார்ஜன்ட் என் அட்டையைத் திருப்பித் தந்து, "நீ போகலாம்," என்றார். ஐயாவும், "நீர் போம் தம்பி, பஸ் வெளிக்கிடப் போகுது," என்றார். நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

நிலையப் பொறுப்பதிகாரி வயதானவர், அமைதியானவர். தோட்டத்து மனேஜர் துரைக்குத் தொலைபேசியில் பேசினார். டிஸ்பென்சர் என்பது உண்மைதான் என்று துரை சொன்னார். கம்பியூட்டர் இருப்பதும் உண்மைதான் என்றார். அதை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, "அது ஆண்டவனுக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டார். உண்மை பேசும் துரை.

"அந்த மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பார்ப்போம்," என்றார் பொறுப்பதிகாரி.

மத்தியானம் தோட்டத்து லொறி வந்தது. கம்பியூட்டரை ஆஸ்பத்திரிக் கம்பளியில் சுற்றி, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். நோயாளி அட்டையும் கூடவே தொங்கியது. நிலையத்தில் இருந்த பொலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

மேசையில் வைத்து வயர் கொடுத்ததும் கறுப்புத் திரை வந்தது. வெள்ளை எழுத்துகள் ஓடின. பொறுப்பதிகாரி குனிந்து பார்த்துவிட்டு சிங்களத்தில் சொன்னதை சார்ஜன்ட் தமிழில் சொன்னார்: "கவர்மெண்ட் கச்சேரி ஆபீசுல கம்பியூட்டர் பார்த்திருக்காராம். அதுல படம் இருக்குமாம். பொட்டி பொட்டியா இருக்குமாம். இதுல எழுத்துதான் இருக்கு. எழுத்து மட்டும் இருந்தா அது தந்தி மாதிரி, செய்தி அனுப்புற சாமான்ங்கிறாரு."

"படம் வந்தால் விடுவாரோ?" என்று கேட்டார் ஐயா.

"படம் வரட்டும், பேசலாம்ங்கிறாரு."

ஒரு மாதமாக வராத படம். ஐயா என்னைப் பார்த்தார். ஊசி போடுவதற்கு முன் செய்வதுபோல விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

உட்கார்ந்தார். கேள்விகள் வரத் தொடங்கின. சார்ஜன்ட் ஒவ்வொன்றையும் உரக்க வாசித்தார். சுட்டெலி எந்த வகை என்ற கேள்விக்கு, பட்டியலில் உள்ள ஒன்பது வகையில் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "ஒம்பது" என்றதும் பொறுப்பதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவசரமாக நாலாவதைத் தேர்ந்தெடுத்தோம். பிறகு அந்தத் துடிப்புக் கேள்வி வந்தது. சார்ஜன்ட் எச்சரிக்கையையும் விடாமல் வாசித்தார்: பிழையாகக் கொடுத்தால் திரைக்குச் சேதம். மேசையைச் சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

ஐயா வெகுநேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன விசர் வேலை பாத்தனான், தம்பி. தெரியாத நோயாளிக்கு ஆரும் எடுத்த உடன முழு அளவு மருந்து குடுப்பினமே? பிள்ளை அளவில எல்லோ துவங்கோணும்."

பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே, ஆகச் சிறிய எண் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தார். படத்தின் அளவைக் கேட்டது. அதிலும் ஆகச் சிறியது. நிறம் எத்தனை என்றது, ஆகக் குறைந்தது. பிறகு 'ஸ்டார்ட் எக்ஸ்' என்று அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

திரை இருண்டது. க்ளிக் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு முழுத் திரையும் சாம்பல் நிறத்தில், கோழிக்கூட்டு வலைபோல விரிந்தது. நடுவில் ஒரு எக்ஸ். வேறு ஒன்றும் இல்லை.

இதுதான் படமா என்று எனக்கும் தெரியவில்லை, ஐயாவுக்கும் தெரியவில்லை.

"பிழைன்னு போட்டிருக்கு," என்றார் சார்ஜன்ட். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்தால் போடும் அதே குறி.

பின்னாலிருந்த ஒரு கான்ஸ்டபிள், "இல்லை, அது வாக்குச் சீட்டில் போடும் புள்ளடி," என்று சிங்களத்தில் சொன்னார்.

"யாருக்குப் போட்டிருக்காம்?" என்று இன்னொருவர் கேட்டார்.

குழப்பத்தில் என் கை சுட்டெலியில் பட்டது. புள்ளடி நகர்ந்தது. எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். பொறுப்பதிகாரி என்னை விலகச் சொல்லி, தானே சுட்டெலியைப் பிடித்துப் புள்ளடியை மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார், மூலைக்கு மூலை நடத்தினார். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். ஆனாலும் பெரிய மனிதர். தலையை ஆட்டி, "இது படம் இல்லை," என்றார்.

ஐயா வெள்ளைக்கார டாக்டரின் தாளை விரித்தார். திரை வந்ததும் சோதித்துப் பார்க்க என்று டாக்டர் அதில் இரண்டு சின்ன விளையாட்டு எழுதியிருந்தார். ஒன்று நேரம் காட்டும் மணிக்கூடு, மற்றது கண்.

"மணிக்கூடு இஞ்ச சுவரிலயே கிடக்கு. கண்ணைப் பாப்பம்," என்றார்.

திரும்பவும் கறுப்புக்குப் போய், ஏதோ ஒரு வரியைச் சேர்த்து, திரும்பவும் ஸ்டார்ட் எக்ஸ் அடித்தார். வலை வந்தது. வலையின் ஒரு மூலையில் இரண்டு பெரிய கண்கள் வந்தன. வெள்ளை விழி, கறுப்பு மணி. ஐயா சுட்டெலியை அசைத்தார். புள்ளடி போன பக்கமெல்லாம் அந்தக் கண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

பொறுப்பதிகாரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். புள்ளடியை வேகமாக ஓட்டினார். கண்கள் வேகமாக ஓடின. மெல்ல நகர்த்தினார்; கண்கள் மெல்ல நகர்ந்தன. சார்ஜன்டிடம் எதையோ சொல்லிச் சிரித்தார்.

"ராத்திரிக் காவலுக்கு நிக்கிற நம்ம ஆளுங்களவிட இது நல்லா முழிச்சிருக்காம்," என்றார் சார்ஜன்ட். பிறகு கொப்பியைத் திறந்தார். "சரி. இந்த ஒம்பதையும் காட்டிருங்க. எங்க பெரியவரு பார்க்கணும்ங்கிறாரு."

ஐயா இரண்டு மூன்று பொத்தான்களை ஒன்றாக அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போனார். கம்பியூட்டருக்குள் ஓடும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இருக்கும், கண்ணின் இலக்கத்தைத் தேடிப் பிடித்தார். கில், ஒன்பது, அந்த இலக்கம். அடித்துவிட்டு வலைக்குத் திரும்பினார். வலை இருந்தது, புள்ளடி இருந்தது. கண்களைக் காணவில்லை.

எல்லாரும் குனிந்து அந்த வெறும் மூலையைப் பார்த்தோம்.

"செத்திருச்சா?" என்றார் சார்ஜன்ட்.

"ஓம்," என்று தலையாட்டினார் ஐயா.

"பாவம்," என்றார் அவர். பிறகு, "திருப்பி வருமா?" என்று கேட்டார்.

வந்தது. பொறுப்பதிகாரி கொப்பியை ஐயாவின் கையில் கொடுத்து, இனிமேல் இதைத் தமிழில் எழுதும்படியும், அதிலும் கொல்லு என்று எழுதாமல் நிறுத்து என்று எழுதும்படியும் புத்தி சொன்னார். தேநீர் வந்தது. தேநீரைக் குடித்துக்கொண்டே ஐயா சார்ஜன்டின் இருமலைக் கேட்டுவிட்டு, "ஒரு போத்தில் கொண்டு டிஸ்பென்சரிப் பக்கம் வாரும்," என்றார். நாலு மணிக்கு அதே லொறியில் மூன்று பேரும் திரும்பினோம், கம்பியூட்டரையும் சேர்த்து. வழி முழுக்க ஐயா ஸ்ட்ரெச்சரை ஒரு கையாலும் என் தோளை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

பிள்ளைகளின் கோடுகள் வர இன்னும் இரண்டு மாதம் ஆனது. வந்தபோதும் தலைகீழாக வந்ததா நேராக வந்ததா என்று எங்களுக்குள் ஒரு வாரம் சண்டை. கோடு இறங்கிய பிள்ளைகளின் லயத்துக்கு ஐயா பால்மாவுடன் நடந்து போனார். பிறகு கோடு ஏறிய பிள்ளைகளின் லயத்துக்கும் போனார், எதற்கும் இருக்கட்டும் என்று.

அடுத்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இளஞ்சிவப்பு மருந்துக்கு அடங்காத காய்ச்சல். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பாதையில் மண் சரிந்து கிடந்தது. நான்காவது கட்டிலில் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஐயா பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கீழ் டிவிசனுக்கு மழைக்குள்ளால நடந்து போகோணும், தம்பி. பிள்ளையளுக்கு ஊசி நாள். தனியக் கிடக்கிறன் எண்டு யோசியாதையும்."

கம்பியூட்டர் மேசையை என் பக்கமாகத் திருப்பினார். சுட்டெலியை நகர்த்தி, புள்ளடியைக் கட்டில் பக்கத்து ஓரத்தில் நிறுத்தினார். இரண்டு கண்களும் என்னைப் பார்த்தன.

"இது உம்மைப் பாத்துக்கொள்ளும்," என்றார்.

காய்ச்சலில் எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண் விழித்தபோது வெளியே மழை விட்டிருந்தது, உடம்பு வியர்த்துக் குளிர்ந்திருந்தது. கரண்ட் போயிருந்தது, திரை இருண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், காலில் போட்ட சப்பாத்தும் கழற்றாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி நழுவ, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மிக்ஸ்சர் ஐயா தூங்கிக்கொண்டிருந்தார். சப்பாத்தில் ஒரு துளி சேறு இல்லை.